அட்டையில் 60, மணிக்கட்டில் 43: பேஸ்மேக்கரின் நேரக் கணக்குகள்

வன்னியில் பேஸ்மேக்கர், அதாவது மின்துடிப்பால் இதயத்தைத் துடிக்கவைக்கும் கருவி, பொருத்திய ஒருவர் இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரு பிரஷர் மெஷினும் இருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனோ மகளோ வாங்கி அனுப்பியதாக இருக்கும். காலையும் மாலையும் அதைக் கட்டிப் பார்த்து, திரையின் கடைசி வரியில் வரும் நாடித்துடிப்பைக் கருவி அட்டையிலோ கிளினிக் கொப்பியிலோ எழுதியிருக்கும் 60 என்ற எண்ணோடு ஒப்பிடுவார்கள். 63 வந்தால் "மெஷின் கூட அடிக்குது" என்பார்கள். 52 வந்தால் "பற்றரி இறங்குது". 43 வந்தால் வான் பிடித்து யாழ்ப்பாணம். இந்த மூன்று எண்களும் கருவி ஒழுங்காக வேலை செய்யும்போதே வரக்கூடியவை. அதேநேரம், நாடி சரியாக இருந்தும் வயலில் நின்றபடி கால் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறவர்கள் "வயசு போச்சு" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடக்கூடிய ஒரு நேர அமைப்புத்தான் காரணம்.

முல்லைத்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்குக் குறையாது. கருவியின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் அந்தந்தக் கம்பனியின் புரோகிராமர் வேண்டும். யாழ்ப்பாணம், அனுராதபுரம், கொழும்பு என்று இருதயப் பிரிவுள்ள பெரிய வைத்தியசாலைகளைத் தேடித்தான் போகவேண்டும். எனவே எந்த எண்ணுக்குப் பயப்படவேண்டும், எதற்குத் தேவையில்லை, கிளினிக்கில் எதைச் சொன்னால் எந்த அமைப்பு மாறும் என்பது ஊரில் இருப்பவருக்குத் தெரிந்திருப்பது நல்லது.

60 என்பது எவ்வளவு நேரக் காத்திருப்பு?

கருவிக்குள் ஓடுவது மில்லிசெக்கன் கணக்கு. ஒரு நிமிடத்தில் 60,000 மில்லிசெக்கன். அதை வேகத்தால் வகுத்தால் காத்திருப்பு நேரம் கிடைக்கும். வேகம் 50 என்றால் 1200, 60 என்றால் 1000, 70 என்றால் 857, 120 என்றால் 500. இனிவரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வகுத்தலே போதும்.

மிக எளிய அமைப்பில், கீழறையில் ஒரே ஒரு வயர் இருக்கும். அட்டையில் வீ.வீ.ஐ. என்று எழுதியிருப்பது இதைத்தான். கீழறை ஒருமுறை துடித்ததும் கருவியின் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும். இதயம் தானாகத் துடித்ததா, கருவி துடிக்க வைத்ததா என்பது இங்கே முக்கியமில்லை. 1000 மில்லிசெக்கனுக்குள் இதயத்தின் சொந்தத் துடிப்பு வந்துவிட்டால் கருவி பேசாமல் இருந்து மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணும். வராவிட்டால் சுமார் 0.4 மில்லிசெக்கன் நீளமான, இரண்டு மூன்று வோல்ட் அளவிலான ஒரு மின்துடிப்பை அனுப்பும். ஆகவே 60 என்பது அதற்குக் கீழே இறங்கவிடாத அடித்தள வேகம். நாடி 80 என்று காட்டினால் அந்த 80 பெரும்பாலும் நோயாளியின் சொந்த இதயம் அடித்தது.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி சுவீடனின் கரோலின்ஸ்கா வைத்தியசாலையில் ஆர்னே லார்சன் என்பவருக்கு முதன்முதலாக உடலுக்குள் பொருத்தப்பட்ட கருவிக்கு இதயத்தைக் கவனிக்கத் தெரியாது. இதயம் என்ன செய்தாலும் அது தன் பாட்டில் அடித்துக்கொண்டிருக்கும். சொந்தத் துடிப்பை உணர்ந்து ஒதுங்கி நிற்கும் கருவிகள் 1960களில்தான் வந்தன. லார்சன் பிற்காலத்தில் இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிப் பொருத்திக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார்.

சரி, 60 என்று வைத்திருக்க 63 எப்படி வருகிறது? இரண்டு வயர் உள்ள கருவிகளில் மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் சோணையறை, இதயவறை என்று படித்தவைதான் இவை. மேலறை துடித்த பின் கீழறையை அடிக்கும் முன் கருவி காத்திருக்கும் நேரம் தனியாக அமைக்கப்படும். அதை ஏ.வி. இடைவெளி என்பார்கள். பல கருவிகள் முழுச் சுற்றையும் கீழறைத் துடிப்பிலிருந்து எண்ணுகின்றன. ஏ.வி. இடைவெளி 200 என்றால், கீழறை துடித்து 800 கழிந்ததும் மேலறையை அடித்துவிட்டு 200 காத்திருக்கும். நோயாளியின் சொந்த மின்பாதை இன்னும் வேலை செய்து 150இலேயே கீழறையைத் துடிக்கவைத்துவிட்டால் சுற்று 950இல் முடிந்துவிடும். 60,000ஐ 950ஆல் வகுத்தால் 63. இதில் பழுது எதுவும் இல்லை. சொந்தப் பாதை கொஞ்சமாவது வேலை செய்கிறது என்ற நல்ல செய்திதான் இருக்கிறது.

52க்கும் விளக்கம் உண்டு. இதயம் தானாகத் துடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்று வைத்தியர் நினைத்தால் ஹிஸ்டெரிசிஸ் என்ற அமைப்பைப் போடுவார். அடித்தளம் 60, ஹிஸ்டெரிசிஸ் 50 என்றால், சொந்தத் துடிப்புக்குப் பிறகு கருவி 1200 மில்லிசெக்கன் பொறுத்திருக்கும். அதற்குள் எதுவும் வராவிட்டால் அடிக்கத் தொடங்கி 1000 என்ற கணக்கில் தொடரும். ஆகவே நாடி 52, 55 என்று இருந்துவிட்டுத் திடீரென்று 60 ஆவது இங்கே இயல்பு. கொப்பியில் இந்த இரண்டாவது எண்ணையும் எழுதித் தரும்படி கேட்டு வாங்கவேண்டும். அது எழுதப்படாததால் வீணான வான் வாடகை நிறையப் போகிறது.

இன்னொன்று இரவு வேகம். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணிவரை 50 போதும் என்று அமைத்துவிடலாம். தூக்கத்துக்கு அது நல்லது, பற்றரிக்கும் மிச்சம். சில கருவிகள் உடல் அசைவு நின்றதை வைத்து இதைச் செய்யும், சில தம்முள் இருக்கும் மணிக்கூட்டை நம்பும். இரண்டாவது வகையில், வெளிநாட்டுப் பயணம் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. ரொறொன்ரோவில் கருவி பொருத்திய ஒருவர் கோடை விடுமுறைக்குப் புதுக்குடியிருப்புக்கு வந்தால் கருவியின் மணிக்கூடு கனடா நேரத்திலேயே ஓடும். இரு இடங்களுக்கும் அப்போது ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். கனடாவின் இரவு 10 முதல் காலை 6 வரை என்பது இங்கே காலை 7.30 முதல் பிற்பகல் 3.30 வரை. கோயிலுக்குப் போய் வெயிலில் நிற்கும் நேரம் முழுவதும் அடித்தளம் 50 ஆக இருக்கும். சில கிழமைதான் நிற்பார் என்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பகலெல்லாம் சோர்வு, இரவில் சுறுசுறுப்பு என்று சொல்கிறவரிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இது. நெடுநாள் தங்கப்போகிறவர் பயணத்துக்கு முன்னரே இரவு வேகத்தை நிறுத்திவைக்கச் சொல்லலாம்.

நாடி குறைவாகக் காட்டும்போது

43 என்ற எண் பயமுறுத்துவது நியாயம்தான். ஆனால் பிரஷர் மெஷினும் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியும் இதயத்தின் மின்சாரத்தை எண்ணுவதில்லை. இரத்தக் குழாயில் வந்து சேரும் அலையைத்தான் எண்ணுகின்றன. கீழறையில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு ஒன்று இடையில் விழுந்தால், அந்த நேரத்தில் இதயம் இன்னும் நிரம்பியிருக்காது. அந்தத் துடிப்பின் அலை மணிக்கட்டுக்கு வந்து சேராது. கருவியோ அதை முறையான துடிப்பாக உணர்ந்து பூச்சியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். ஒரு துடிப்பு, 400 மில்லிசெக்கனில் முந்திக்கொண்டு வரும் துடிப்பு, பிறகு 1000 காத்திருப்பு என்று இரண்டிரண்டாக ஓடினால் ஒவ்வொரு சோடிக்கும் 1400 மில்லிசெக்கன் ஆகும். இ.சி.ஜி.யில் நிமிடத்துக்கு 86 துடிப்பு இருக்கும், மணிக்கட்டில் அதன் பாதியான 43 மட்டும் தெரியும்.

இதை வீட்டிலேயே ஓரளவு பிரித்தறியலாம். மெஷினைக் கழற்றிவிட்டு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து முழுதாக 60 செக்கன் எண்ணவேண்டும். 15 செக்கன் எண்ணி நான்கால் பெருக்குவது இங்கே உதவாது. அதேநேரம் இன்னொருவர் நெஞ்சில் காதை வைத்தோ ஸ்டெதஸ்கோப் வைத்தோ எண்ணவேண்டும். நெஞ்சில் 80க்கு மேலும் கையில் 43உம் என்றால் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள்தான் காரணம். அடுத்த கிளினிக்கில் சொல்லலாம், மருந்து தேவைப்படலாம். நெஞ்சிலும் கையிலும் ஒரே மாதிரி 43 என்றால் கதை வேறு.

அப்படி வருவதற்கான காரணங்களில் ஒன்று, கருவி தேவையில்லாததைத் துடிப்பு என்று எடுத்துக்கொள்வது. கீழறை சுருங்கி மீளும்போது எழும் மின்அலை, அதாவது இ.சி.ஜி.யில் டி அலை, சிலருக்குப் பெரிதாக இருக்கும். துடிப்புக்கு 300 மில்லிசெக்கன் கழித்து வரும் அதையும் கருவி எண்ணிவிட்டால் அங்கிருந்து புதிதாக 1000 காத்திருக்கும். மொத்தம் 1300. நாடி 46இல் நிற்கும். உணர்திறனைக் கொஞ்சம் மந்தமாக்குவதோ, துடிப்புக்குப் பின் கருவி எதையும் பொருட்படுத்தாமல் இருக்கும் காலத்தை நீட்டுவதோ இதைத் தீர்க்கும்.

மற்றக் காரணம் ஆபத்தானது. கருவி சரியான நேரத்தில் மின்துடிப்பை அனுப்புகிறது, இதயம் பதில் சொல்லவில்லை. வயர் நகர்ந்திருக்கலாம், முறிந்திருக்கலாம், அல்லது இதயத்தசைக்குத் தேவையான மின்னளவு கூடியிருக்கலாம். பொருத்திய முதல் நான்கு முதல் ஆறு கிழமைவரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது என்று சொல்வது வயர் நகராமல் ஊன்றிக்கொள்வதற்காகவே. மண்வெட்டி பிடிப்பதும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் நெல்மூட்டையைத் தோளில் ஏற்றுவதும் இதற்குள் அடங்கும்.

வன்னியில் இதோடு சேர்த்துக் கவனிக்கவேண்டிய ஒன்று சிறுநீரகம். வவுனியா மாவட்டத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பலரைப் பாதித்திருக்கிறது. சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். அது மிக அதிகமாகும்போது இதயத்தசையைத் துடிக்கவைக்கக் கூடுதல் வோல்ட் தேவைப்படும். 0.8 வோல்ட்டிலேயே துடித்த இதயத்துக்காக 2 வோல்ட் என்று பாதுகாப்பாக அமைத்து வைத்தது போதாமல் போகலாம். அப்போது கருவியிலும் வயரிலும் பற்றரியிலும் பழுது இராது, நாடி மட்டும் 30இல் நிற்கும். எனலப்ரில், லொசாட்டன், ஸ்பைரனொலக்ரோன் போன்ற மருந்துகளும் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியவை. இளநீரிலும் வாழைப்பழத்திலும் அது நிறைய உண்டு. மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. ஆனால் சிறுநீரக கிளினிக்குக்கும் போகிறவர் தனக்குப் பேஸ்மேக்கர் இருப்பதை அங்கேயும், சிறுநீரக நோய் இருப்பதை இருதய கிளினிக்கிலும் சொல்லவேண்டும். இரண்டு கொப்பிகளையும் ஒரே பையில் வைத்திருப்பது இதற்கு மிக எளிய வழி. நாடி குறைந்து அதோடு மயக்கம், கண் இருட்டல், மூச்சு முட்டல் வந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கவேண்டும். அருகிலுள்ள வைத்தியசாலையில் எடுக்கும் ஓர் இ.சி.ஜி.யும் ஒரு பொட்டாசியம் பரிசோதனையும் பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் தரும்.

வேலை செய்யும்போது திடீரென்று பாதியாகும் நாடி

அதிகம் கவனிக்கப்படாமலும், சரிசெய்தால் அதிகம் பலன் தருவதாகவும் இருக்கும் பிரச்சினை இதுதான் என்பது எங்கள் கருத்து.

மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான மின்பாதை முற்றாக அடைபட்டவருக்கு இரண்டு வயர் கருவி மேலறையைப் பின்தொடர்ந்து வேலை செய்யும். அவருடைய மேலறை நலமாகவே இருக்கிறது. நடந்தால் 90, வரம்பு வெட்டினால் 115 என்று அது தானாகவே கூடும். ஒவ்வொரு மேலறைத் துடிப்புக்கும் பின் ஏ.வி. இடைவெளி கழிந்ததும் கருவி கீழறையை அடிக்கும்.

இதற்கு ஒரு மேல் எல்லை வைப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் 120 அல்லது 130 என்று இருக்கும். கட்டுப்படுத்துவது அது மட்டும் அல்ல. கீழறை துடித்ததும் குறிப்பிட்ட காலத்துக்கு மேலறையிலிருந்து வரும் எதையும் கருவி பொருட்படுத்தாது. வைத்தியர்கள் இதைச் சுருக்கமாகப் பீ.வார்ப். என்பார்கள். ஏ.வி. இடைவெளியையும் பீ.வார்ப்பையும் கூட்டினால் மேலறைக்கான மொத்த அடைப்புக் காலம் வரும். இரண்டு மேலறைத் துடிப்புகளுக்கு இடைப்பட்ட நேரம் இந்தக் கூட்டுத்தொகையைவிடக் குறைந்தால் ஒன்றுவிட்டு ஒன்றைத்தான் கருவி காணும்.

கணக்கைப் பாருங்கள். ஏ.வி. இடைவெளி 150, பீ.வார்ப். 350, மொத்தம் 500 மில்லிசெக்கன். 60,000ஐ 500ஆல் வகுத்தால் 120. மேல் எல்லை 130 என்று கொப்பியில் எழுதியிருந்தாலும் இந்த நோயாளி 130ஐக் காணவே போவதில்லை. அறுவடை நேரத்தில் நெற்கட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். மேலறை 110, 115, 118 என்று ஏறுகிறது, கீழறையும் கூடவே ஏறுகிறது. மேலறை 122ஐத் தொட்டதும் அடுத்த துடிப்பிலிருந்து பாதிதான் கீழறைக்குப் போகிறது. நாடி 118இலிருந்து 61க்கு ஒரே அடியில் விழுகிறது. உடலுக்கு இரத்தம் அதிகம் தேவைப்படும் அந்தக் கணத்தில் பாதி வேகம். கால் சோரும், கண் மங்கும், அவர் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்ததும் மேலறை 115க்கு இறங்கும், கீழறையும் 115க்குத் திரும்பும், ஆள் தெளிந்துவிடுவார். கிளினிக்கில் படுக்கவைத்து எடுக்கும் இ.சி.ஜி.யில் எதுவும் தெரியாது. "மெஷின் நல்லா வேலை செய்யுது" என்று அனுப்பிவிடுவார்கள். அங்கே அது நல்லாகத்தான் வேலை செய்கிறது.

தீர்வு அதே கணக்கில் இருக்கிறது. பீ.வார்ப்பை 250க்குக் குறைத்தால் மொத்தம் 400, எல்லை 150. வேகம் கூடும்போது ஏ.வி. இடைவெளி தானாகவே 100 வரை சுருங்கும்படி அமைத்தால் மொத்தம் 350, எல்லை 171. இப்போது 130 என்ற மேல் எல்லைக்கு உண்மையிலேயே அர்த்தம் வருகிறது. மேலறை அதைத் தாண்டினாலும் திடீர் வீழ்ச்சி வராது. ஏ.வி. இடைவெளி 150இல் நிற்க, பீ.வார்ப். 250, மேல் எல்லை 130 என்று எடுத்துக்கொள்வோம். மேலறை 135 ஆனால், 130க்கு மேல் அடிக்கக்கூடாது என்பதால் கருவி ஒவ்வொரு சுற்றிலும் கீழறை அடியை 17 மில்லிசெக்கன் அளவுக்குப் பிந்தவைக்கும். நான்கு துடிப்புகள் இப்படிப் போன பின் ஐந்தாவது மேலறைத் துடிப்பு பீ.வார்ப்புக்குள் விழுந்து விடுபடும். ஐந்துக்கு நான்கு, அதாவது நாடி சராசரியாக 108. மேலறை 140 ஆனால் மூன்றுக்கு இரண்டு, நாடி 93. களைப்புத் தெரியும், ஆனால் ஆளைக் கீழே இருத்தாது.

மேல் எல்லையைக் கூட்டுவதா என்பது ஆளைப் பொறுத்தது. 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்ச வேகத்தின் தோராயக் கணக்கு வரும். 45 வயதில் வயல் வேலை செய்கிறவருக்கு அது 175. அவருக்கு 120 என்ற தொழிற்சாலை எண் மிகக் குறைவு. 72 வயதில் நெஞ்சுவலிக்கும் மருந்து எடுக்கிறவருக்கோ 120 கூட அதிகமாக இருக்கலாம், இதயத்துக்கு இரத்தம் போதாமல் வலி வரும். வைத்தியர் சரியாகத் தீர்மானிக்க நோயாளியின் தொழில் அவருக்குத் தெரியவேண்டும். கிளினிக்கில் "களைக்குது" என்று மட்டும் சொன்னால் நூறு காரணம் இருக்கும். "ஏற்றத்தில சைக்கிள் மிதிக்கேக்க ரெண்டு நிமிசத்தில திடீரெண்டு கால் சோருது, நிண்டா உடன சரியாகுது" என்று சொன்னால் பழக்கமுள்ள காது பீ.வார்ப்பைத் தேடிப் போகும்.

பீ.வார்ப்பை ஏன் எல்லோருக்கும் குறைத்தே வைக்கக்கூடாது? சிலருக்கு மின்சாரம் கீழறையிலிருந்து மேலறைக்குத் திரும்பி ஏறும். முந்திக்கொண்டு வரும் துடிப்பு ஒன்று விழுந்து, அது 280 மில்லிசெக்கனில் மேலறைக்கு ஏறினால், 250இல் முடிந்துவிட்ட பீ.வார்ப். அதைத் தடுக்காது. கருவி அதை மேலறையின் சொந்தத் துடிப்பு என்று நம்பிக் கீழறையை அடிக்கும். அந்த அடி மறுபடி மேலே ஏறும். இப்படியே சுற்றிக்கொண்டு நிற்கும். கதிரையில் சும்மா இருக்கும்போது நாடி ஒரே தாவலில் மேல் எல்லைக்கோ அதற்குச் சற்றுக் கீழோ போய், கூடாமல் குறையாமல் அங்கேயே நின்றால் இதைச் சந்தேகிக்கவேண்டும். புதிய கருவிகள் பல இதைத் தாமே கண்டுபிடித்து, ஒரு சுற்றுக்குப் பீ.வார்ப்பை நீட்டி முறித்துவிடும். முறியாமல் நெஞ்சு படபடப்புத் தொடர்ந்தால் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். அங்கே காந்தம் வைத்தால் கருவி மேலறையைக் கவனிப்பதை நிறுத்திவிடும், சுற்று அறுந்துவிடும். வீட்டில் ஸ்பீக்கர் காந்தத்தை நெஞ்சில் வைத்துப் பார்ப்பது வேண்டாம்.

அசைவை வைத்து வேகம் கூட்டுதல்

அட்டையில் வீ.வீ.ஐ. போன்ற எழுத்துகளின் கடைசியில் ஆர். என்று இருந்தால் கருவி உடலின் தேவையை உணர்ந்து வேகத்தைக் கூட்டும். மேலறையின் இயல்பான தொடக்கப்புள்ளி பழுதாகி, ஓடினாலும் 60இலேயே நிற்கும் இதயத்துக்கு இது தேவை. பெரும்பாலான கருவிகளில் உடல் அசைவை அளக்கும் உணரி இருக்கும். சிலவற்றில் மூச்சின் வேகத்தை அளக்கும் வசதியும் உண்டு.

அசைவு உணரி நடைக்கு நன்றாகப் பதில் சொல்லும். சைக்கிளுக்குச் சொல்லாது. சைக்கிள் மிதிப்பவரின் கால் எவ்வளவு வேலை செய்தாலும் நெஞ்சு பெரிதாக அசைவதில்லை, கருவி அவர் சும்மா இருப்பதாக எடுத்துக்கொள்ளும். எதிர்காற்றில் பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிளில் போகிறவர் 70இல் நிற்பார். மறுபக்கம், லான்ட்மாஸ்டரின் கைபிடியைப் பிடித்துக்கொண்டு உழுகிறவருக்கும், குன்றும் குழியுமான கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கும் அதிர்வையே வேலை என்று எடுத்து வேகத்தைத் தேவைக்கு மேல் கூட்டிவிடலாம்.

இதற்கு அமைப்புகள் பல உண்டு. எவ்வளவு அசைவுக்குத் தொடங்குவது, எவ்வளவு சரிவாகக் கூட்டுவது, கூட்ட எத்தனை செக்கன், இறக்க எத்தனை நிமிடம், உச்சம் எவ்வளவு. வழக்கமான பரிசோதனை, வைத்தியசாலை நடைபாதையில் சில நிமிடம் நடக்கவைத்து நாடியைப் பார்ப்பது. அன்றாட வேலைக்கு 90 முதல் 100 வரை வந்தால் போதும். சைக்கிளையே நம்பி வாழ்கிறவருக்கு இந்த நடைப் பரிசோதனை போதாது என்பதைச் சொல்லிவைக்கவேண்டும். புரோகிராமரில் கடந்த மாதங்களின் துடிப்பு வேகம் பட்டைகளாக வரும். ஏறக்குறைய எல்லாம் 60–70 பட்டையிலேயே குவிந்திருந்தால், வேலை செய்யும் மனிதருக்கு உணரி வேலை செய்யவில்லை என்று பொருள். அந்தப் படத்தைக் காட்டும்படி நோயாளி கேட்கலாம், கேட்கவேண்டும்.

கூட்டி வைத்தால் தெம்பு வருமா?

"அறுபதை எண்பதாக்கினால் அப்பாவுக்குக் கொஞ்சம் பலம் வரும்" என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. அக்கறையில் கேட்பதுதான், ஆனால் பெரும்பாலும் பலன் எதிர்மாறாக இருக்கும். கருவி கீழறையை ஒரு முனையிலிருந்து அடிக்கிறது. இயல்பான பாதையில் இரு பக்கமும் ஒன்றாகச் சுருங்குவதுபோல அது இருக்காது. தேவையில்லாமல் இதைக் கூட்டினால் பலவீனமான இதயம் மேலும் தளரும். 2002இல் வெளியான டேவிட் ஆய்வு, பேஸ்மேக்கர் தேவையே இல்லாத, இதயம் பலவீனமான, அதிர்ச்சி தரும் கருவி பொருத்திய நோயாளிகளை எடுத்தது. ஒரு பகுதியினருக்கு இரு அறைகளிலும் 70, மற்றவர்களுக்கு வெறும் காவலாகக் கீழறையில் 40 என்று அமைத்தது. அடிக்கடி அடித்த 70 குழுவுக்கே இதயச் செயலிழப்பும் இறப்பும் கூட நேர்ந்தன. அதனால்தான் இன்று சொந்தப் பாதை இருப்பவர்களுக்கு ஏ.வி. இடைவெளியை நீட்டி வைத்து, இதயம் தானாக அடிக்கட்டும் என்று பொறுத்திருக்கிறார்கள். சில கருவிகள் இதற்காக எப்போதாவது ஒரு துடிப்பு விடுபடுவதைக்கூட அனுமதிக்கும். பாதை முற்றாக அடைபட்டவருக்கு இந்தச் சிக்கனம் பொருந்தாது, அவருக்கு ஒவ்வொரு துடிப்பும் கருவியிலிருந்தே வரவேண்டும்.

வீட்டிலும் வளவிலும்

யானையைத் தடுக்கும் மின்வேலியைப் பற்றி வன்னியில் சொல்லாமல் விடமுடியாது. முறையான வேலிக் கருவி ஏறக்குறைய ஒரு செக்கனுக்கு ஒரு தடவை, மிகக் குறுகிய மின் அதிர்ச்சியை அனுப்புகிறது. இந்த இடைவெளி இதயத் துடிப்பின் இடைவெளிக்கு மிக அருகில் இருப்பதுதான் சங்கடம். தொட்டவுடன் கையை எடுத்தால் ஒரு துடிப்பு தள்ளிப்போகலாம், அவ்வளவுதான். கம்பியில் உடல் சிக்கிக்கொண்டால் ஒவ்வொரு மின் அதிர்ச்சியையும் துடிப்பு என்று எண்ணிக் கருவி அடிக்காமல் நிற்கக்கூடும். கருவியையே முழுதாக நம்பியிருக்கும் இதயத்துக்கு அது மயக்கம். வேலி திருத்தும் வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது. வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுக்கும் சட்டவிரோத வேலி எல்லோரையும் கொல்லக்கூடியது, அதைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கைத்தொலைபேசியைக் கருவி இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் வைக்கக்கூடாது, 15 சென்ரிமீற்றர் தள்ளி இருந்தால் போதும். பின்பக்கம் காந்தம் உள்ள புதிய போன்கள் நெஞ்சோடு ஒட்டியிருந்தால் கருவியைக் காந்த நிலைக்குத் தள்ளலாம். அப்போது அது இதயத்தைக் கவனிக்காமல் கம்பனியைப் பொறுத்து 85, 90 அல்லது 100 என்று அடித்துக்கொண்டிருக்கும். போனை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பற்றரி முடிவை நெருங்கும்போதும் நேர அமைப்புகள் தாமாக மாறுகின்றன. பல கருவிகள் மிச்சமுள்ள சக்தியைச் சேமிக்க, மேலறையைப் பின்தொடர்வதையும் அசைவுக்குக் கூட்டுவதையும் நிறுத்திவிட்டுக் கீழறையை மட்டும் ஒரே வேகத்தில் அடிக்கும். மெட்ரோனிக் கருவிகள் பலவற்றில் அது 65. இரண்டு வயர் கருவியோடு பல வருடம் 60இல் இருந்தவர், இருந்தாலும் 65, படியேறினாலும் 65 என்று காட்டத் தொடங்கி, முன்பில்லாத களைப்பும் கழுத்தில் துடிப்பும் சேர்ந்து வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை பார்த்திருக்கக்கூடாது. இந்த நிலை தொடங்கியதிலிருந்து கருவியை மாற்றப் பொதுவாக மூன்று மாதம் அளவில் அவகாசம் இருக்கும். வன்னியிலிருந்து திகதி எடுத்து, இரத்தப் பரிசோதனை முடித்து, கட்டில் கிடைக்கும்வரை காத்திருக்க அந்த மூன்று மாதமும் தேவைப்படும்.